தாழில் உறைந்த தேங்காய் எண்ணெய்

அருளு,

மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம்தான். எனக்கு மனசுதான் ஓரிடத்தில் நிற்கவில்லை, அதனால் சுகம் விசாரிப்பதை இந்த ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறேன். உன் கடிதத்தைப் பிலோமினாதான் முதலில் பிரித்துப் படித்தாள். படித்ததும் என் மடியில் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். அப்போது பிடித்தது எனக்கு இந்தத் தவிப்பு. உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன், உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்று மூடியைத் திறந்து பார்க்கிறேன், போட்டுத்தான் இருக்கிறது, திரும்பவும் போய்ப் பார்க்கிறேன். பூசைக்குப் போனால் சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று வீடு வந்து சேரும்போது நினைவில் இல்லை. உன் பெண்டாட்டி பிலோமினாவும் நானும் ஒரே அடுப்படியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்கிறோம். நீ அங்கே பனியில் நிற்கிறாய், இங்கே எங்களுக்குக் கை கால் ஓடவில்லை.

அம்மா ஐந்தாவது வரைக்கும்தானே படித்தவள், அவளுக்கு என்ன தெரியும் என்று நீ எதையும் சுருக்கி எழுதுகிறவன் இல்லை. அதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை. உன் வேலை என்னவென்று இந்த ஒதியம்பட்டில் எனக்குத் தெரிகிற மாதிரி யாருக்கும் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது நம் தெரு ரோசலி கேட்டாள், "இன்னாக்கா, உம் புள்ள பிரான்ஸ்ல லாரிக்குக் கதவு தொடைக்கிறானாமே?" என்று. விடுவேனா? "கதவு இல்லடி, அது தூக்கு. நம்ம ஊர்ல லாரியில மூட்டைய ஏத்த மனுசன் முதுகு வேணும். அங்க லாரிக்குப் பின்னாடியே ஒரு இரும்புப் பலக இருக்குது. மூட்டைய அது மேல வச்சுட்டுப் பொத்தான அமுக்குனா அதுவா மேல தூக்கும், அதுவா கீழ எறக்கும். வேல முடிஞ்சா நிமித்தி மூடிக்கலாம். அது குளிர்ல மொரண்டு புடிக்காம பாத்துக்கறவன் எம் புள்ள" என்றேன். "முதுகு வேணாம்னா அங்க ஆம்பளைங்களுக்கு இன்னா வேல?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்துக்கொண்டே போனாள். போகட்டும்.

குளிர் காலத்தில் பலகை படுத்தும் பாட்டை நீ எழுதியதெல்லாம் எனக்கு மனப்பாடம். பாட்டரி குளிரில் சோர்ந்து போகும். பலகையைத் தூக்கும் குழாய்க்குள் இருக்கிற எண்ணெய் கூழ் மாதிரி கெட்டியாகிவிடும். அதனால் காலையில் பாரம் ஏற்றுவதற்கு முன்னால் வெறும் பலகையையே ஏற்றி இறக்கி அதைச் சோம்பல் முறிக்க வைக்க வேண்டும். கீலுக்குள் தண்ணீர் நின்றால் பனிக்கட்டியாகிக் கடித்துக்கொள்ளும். ரோட்டில் பனி கரைவதற்காகக் கொட்டுகிற உப்பு இரும்பைத் தின்றுவிடும், கழுவித் துடைத்துப் புது கிரீஸ் வைக்க வேண்டும். பலகை மேல் விழுந்த பனியைப் பெருக்காவிட்டால் ஏறுகிறவன் வழுக்கி விழுவான். இவ்வளவையும் ஒழுங்காகத் தெரிந்து வைத்திருக்கிற நீ, குளிருக்கென்று இருக்கிற கிரீஸ் தீர்ந்துபோன அன்றைக்கு, நான் உன் தலைக்குத் தடவிக்கொள்ள அனுப்பிய தேங்காய் எண்ணெயைக் கொண்டுபோய், நிமிர்த்திய பலகை விழாமல் பூட்டிப் பிடிக்கிற தாழுக்குள் விட்டிருக்கிறாய்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? நம் வீட்டில் எது முனகினாலும் தேங்காய் எண்ணெய்தானே. கிணற்று ராட்டினம் கிரீச்சென்றால் அது, தையல் மிஷின் கனத்தால் அது, சைக்கிள் செயினுக்கும் அது, உன் காது வலிக்கும் அது. கை தானாகப் போயிருக்கும். ஆனால் அருளு, மார்கழி பிறந்தால் எண்ணெய்ப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது என்று உனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று அந்தப் பாட்டிலை அடுப்பு ஓரத்தில் வைத்துக்கொண்டு குதித்தவன் நீதானே? நம் ஊர்ப் பனிக்கே வெள்ளையாக இறுகுகிற எண்ணெய் உன் ஊர்க் குளிரில் என்ன ஆகும்? பட்டறைக்குள் கணப்பு இருந்ததால் அன்று சாயங்காலம் தாழ் வழுக்கிக்கொண்டு போனது என்று எழுதியிருக்கிறாய். போகும். வண்டி வெளியே பனியில் நின்ற பிறகு அது மெழுகாகிவிட்டது. காலையில் அந்த வண்டியை ஓட்டுகிற மனுவேல் பலகையை நிமிர்த்தி மூடினார், தாழ் பாதியிலேயே நின்றுவிட்டது, முழுக்க விழுந்துவிட்டது என்று நினைத்து அவர் வண்டியை எடுத்துவிட்டார். ஒரு திருப்பத்தில் பலகை கழன்று ரோட்டில் விழுந்து இழுபட்டு, கீல் நெளிந்து, பின்னால் வந்த வண்டிக்காரன் மயிரிழையில் நிறுத்தியிருக்கிறான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அதற்காக நான் மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டேன்.

சிரிப்பு நின்றது அதற்கு அடுத்த வரியில். பலகையைச் செப்பனிட உன்னிடமே கொண்டுவந்தார்கள். நீ தாழை உருவிப் பார்த்தாய். உள்ளே வெள்ளையாக இருந்தது, நம் வீட்டு வாசனை அடித்தது. "துணியால் துடைத்துவிட்டேன் அம்மா, யாருக்கும் தெரியாது" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. எண்ணெய் விட்டது தெரியாமல் செய்தது. துடைத்தது அப்படி இல்லை. பத்ரோன் என்று நீ எழுதுகிற உன் முதலாளி மனுவேலைக் கூப்பிட்டு, கிழவா, உனக்குக் கண்ணும் போச்சு காதும் போச்சு, தாழ் விழுந்ததா என்றுகூடப் பார்க்கத் தெரியவில்லை என்று எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறார். வீட்டிலே இரு, மாதக் கடைசியில் கணக்கை முடித்து அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அப்போது நீ அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறாய்.

இந்த மனுவேல் யார் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். போர்த்துக்கல்காரர், ஆனாலும் பெயர் நம் கோவில் பிள்ளை பெயர் மாதிரி இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். உன் முதல் குளிரில், கையுறை இல்லாமல் பலகைச் சங்கிலியைப் பிடித்துக் கைத்தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டபோது, நீ வெடுக்கென்று இழுக்கப் போனாய் என்றும், அவர் ஓடிவந்து உன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டுத் தான் குடித்துக்கொண்டிருந்த காப்பியை மெதுவாக ஊற்றி விடுவித்தார் என்றும் எழுதியிருந்தாய். மறுநாள் தன் பழைய கையுறையைக் கொண்டுவந்து கொடுத்தார் என்றும். அன்றிலிருந்து ஜெபமாலை சொல்லும்போது அவர் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன். இப்போது ஜெபத்தில் அந்தப் பெயர் வரும்போது நாக்கு தயங்குகிறது.

உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உனக்குத் தெரியாது. அவர் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்துவிட்டுத் திரும்பி வந்ததும் லாரி ஓட்டினார், அது தெரியும். நீ அப்போது இடுப்புக் குழந்தை. அறுவடைக் காலம், நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வில்லியனூர் ரயில்வே கேட்டைத் தாண்டி வரும்போது பின்பலகை திறந்துகொண்டது. மூட்டைகள் சரிந்து பின்னால் வந்த கட்டை வண்டி மேல் விழுந்து ஒரு மாட்டுக்குக் கால் போய்விட்டது. பின்பலகைக்கு இரண்டு பக்கமும் கொண்டி போட வேண்டும். வலது பக்கத்துக் கொண்டியை உன் அப்பா போட்டார். இடது பக்கத்துக் கொண்டியைப் போட வேண்டியவன் கூட வந்த லோடுமேன் கோபாலு. போட்டுட்டேன் அண்ணே என்று கத்தினான், அவர் வண்டியை எடுத்தார். விழுந்த பிறகு கேட்டபோதும் போட்டேன் என்றே சத்தியம் செய்தான். மாட்டுக்காரன், நெல்லுக்காரர், லாரி முதலாளி, எல்லோரும் ஓட்டினவனைத்தான் பிடித்தார்கள். அந்த அறுவடை முழுக்க யாரும் அவர் கையில் ஸ்டீரிங் கொடுக்கவில்லை.

அவர் வீட்டில் உட்காரவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காலையில் குளிப்பார், சட்டை போடுவார், வேலைக்குப் போகிறவர் மாதிரியே கிளம்புவார். வில்லியனூர் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய் ரயில் வந்து போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். வழியில் டீக்கடைக்காரன், "இன்னா சொல்தா, லாரி எங்க? கயண்டு வியுந்துடுச்சா?" என்பானாம். இவரும் அவனோடு சேர்ந்து சிரிப்பாராம். வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் திரும்பிப் பாத்திருக்கணும்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் வேறு முதலாளி கிடைத்தார், வண்டி கிடைத்தது, பிழைத்தோம். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, இறங்கிப் பின்னால் போய்க் கொண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். அது அவர் சுபாவம் என்று நீ நினைத்திருப்பாய். அவர் தன்னையே நம்பாமல் போனது அந்த அறுவடையில்தான்.

உன் அப்பா காலமானபோது உன்னால் வர முடியவில்லை. அன்றைக்குக் கோபாலு வந்தான், பெரிய மாலையோடு. மாலையைப் போட்டுவிட்டுப் போகாமல் தலைமாட்டிலேயே நின்றான். பிறகு குனிந்து, நான் கேட்கும்படியாகவே சொன்னான், "அண்ணே, அன்னைக்குக் கொண்டி நான் போடலண்ணே." எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"இப்ப இன்னாத்துக்குடா சொல்ற?" என்றேன்.

"மனசு கேக்கல அண்ணி."

"அவருக்குக் காது கேட்டப்ப உன் மனசு எங்கடா போச்சு? உங்கூடத்தான டீ குடிச்சாரு? உம் பொண்ணு கல்யாணத்துல பந்தி பரிமாறினாரே, அப்பக்கூட வாய் வர்ல?"

அவனைப் பெண்கள் எல்லாம் சேர்ந்து வெளியே அழைத்துப் போனார்கள். அவனும் பாவம்தான், அழுதுகொண்டே போனான். அவனுடைய பாரம் இறங்கியதோ என்னவோ, எனக்கு அவன் சொன்னது எதற்கும் உதவவில்லை. உன் அப்பாவுக்கு அது போய்ச் சேரவே இல்லை. அதனால்தான் சொல்கிறேன். மனுவேல் உயிரோடு இருக்கிறார், அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது, பத்ரோன் என்ன சொன்னாலும். இந்நேரம் அவரும் சட்டையைப் போட்டுக்கொண்டு எந்த ரயிலைப் பார்க்கப் போகிறாரோ. தாழ் விழுந்த சத்தத்தைக் கேட்டேனா இல்லையா என்று தன்னையே கேட்டுக்கொண்டிருப்பார். நீ போய் எண்ணெய் விட்டது நான் என்று சொல். அவரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடாதே, அவர் பெரிய மனசுக்காரர், தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார். பத்ரோனிடம் சொல்ல வேண்டும். எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டினார்கள் அல்லவா, எல்லோர் முன்னாலும் சொல்.

இதைப் படிக்கும்போது உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். வேலையும் இருக்க இடமும் உண்டு என்று அந்தப் பத்ரோன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் பிலோமினாவும் குழந்தையும் அங்கே வர முடியும். ஈஸ்டருக்கு முன்னால் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நீ போய் உண்மையைச் சொன்னால் காகிதமும் போகலாம், வேலையும் போகலாம். இதைச் சொல்லிக்கொண்டு உன் பெண்டாட்டி என்னோடு போட்ட சண்டையை நீ பார்த்திருக்க வேண்டும். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அத்த, நீங்க அப்பிடி எழுதக் கூடாது. அந்தாளு வயசானவரு, இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வூட்டுக்குப் போறவருதான். இவரு இப்பத்தான் காலூன்றி இருக்காரு. எம் பொண்ணு அப்பன போட்டோவுலதான் பாத்திருக்குது அத்த. போட்டோவுக்குச் சோறு ஊட்டுது."

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற? இன்னொருத்தன் தலையில கட்டிட்டுக் குடும்பம் நடத்தச் சொல்றியா?"

"உங்களுக்கு இன்னா? வேல போச்சுன்னா புள்ள திரும்பி வந்துடும். அதான உங்க ஆச?"

அருளு, அவள் அப்படியே கேட்டுவிட்டாள். அது முழுப் பொய் இல்லை. ரீத்தா காலையில் எழுந்ததும் தன் அம்மாவிடம்கூடப் போகாமல் "ஆயா" என்று என்னிடம்தான் ஓடி வருகிறாள். இந்தத் தெருவில் அவளைப் போல ஒரு பேத்தி யாருக்கும் இல்லை என்று நான் சொன்னால் ரோசலிகூட மறுப்பதில்லை. அவள் விமானம் ஏறிப் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன் என்று நினைக்காத நாள் இல்லை. பத்ரோன் கையெழுத்துப் போடாமல் இருக்கட்டும் என்று மனசு ஒரு மூலையில் ஆசைப்படுகிறது, ஆமாம். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாமல் நான் சுற்றிச் சுற்றி வந்ததற்குக் காரணமே அதுதான். போய்ச் சொல் என்று எழுதுகிறவள் உன் அம்மாவா, பேத்தியை விட மனசில்லாத கிழவியா என்று எனக்கே பிடிபடவில்லை. இப்போதும் பிடிபடவில்லை. ஆனால் எனக்கு ஆசை இருப்பதால் மனுவேல் செய்யாத தப்பு அவர் செய்ததாக ஆகிவிடாது. அதை மட்டும் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டேன்.

மாதம் முடிவதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வருமோ வராதோ என்ற தவிப்பில், பிலோமினாவையும் இழுத்துக்கொண்டு தந்தி கொடுக்கலாம் என்று வில்லியனூர் தபாலாபீசுக்கே போய்விட்டேன். அங்கே இருந்த பையன் பேனாவை வைத்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா, இன்னா விஷயம்?" என்று கேட்கிறான். என்ன சொல்வது? எண்ணெய் நான்தான் விட்டேன் என்று சொல் என்றா? "'உண்மையைச் சொல், அம்மா'ன்னு எழுதுப்பா, இவ்ளோதான்" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவ்வளவு நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பிலோமினா அங்கே வாயைத் திறந்தாள்: "அத்த, தந்திய பாத்தவுடனே அவரு யாரோ செத்துட்டாங்கன்னுதான் நெனப்பாரு. நீங்கதான் செத்துட்டீங்க, அத மறைச்சு இப்பிடி அனுப்பியிருக்கோம்னு அழுவாரு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்துவிட்டது, அந்தப் பையனும் சிரித்தான். தந்தி கொடுக்காமலே பஸ் ஏறினோம். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள், "அந்தக் காப்பி ஊத்துன ஆளு, அவரு வூட்ல யாரு கீறாங்க அத்த?" எனக்குத் தெரியாது என்றேன். "எழுதவே இல்லையே அவரு" என்றாள்.

நீ உண்மையைச் சொன்ன பிறகு வேலையில் வைத்துக்கொண்டாலும் சரி, அனுப்பினாலும் சரி, சில விஷயங்களை நான் சொல்லாமல் விட முடியாது. பலகை தூக்கியிருக்கும்போது முட்டுக் கொடுக்காமல் அதன் அடியில் குனியாதே. பனி இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்காதே, குளிரில் இரும்பு பீங்கான் மாதிரி விண்டுவிடும் என்று நீயே எழுதியிருக்கிறாய், அவசரம் வந்தால் மறந்துவிடுவாய். கிரீஸ் இல்லையென்றால் இல்லையென்று சொல்லிவிட்டு வண்டியை நிறுத்து. இருப்பதை வைத்துச் சமாளிப்பது நம் வீட்டுப் பழக்கம், ரசத்துக்குப் புளி இல்லையென்றால் தக்காளி போடுகிற பழக்கம். அதை நான்தான் உனக்குப் பழக்கினேன், அடுப்படிக்கு அது சரி. வேறொருவன் நம்பிப் பின்னால் வருகிற வண்டிக்கு அது சரியில்லை.

எழுதி வைத்த இவ்வளவையும் பிலோமினாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவளுக்குத் தெரியாமல் தபாலில் போட எனக்கு இஷ்டமில்லை. படித்துவிட்டு மடித்து வைத்தாள். உள்ளே போய்ப் பிரயாணத்துக்குக் கட்டி வைத்திருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். உன் ஊர்க் குளிருக்கென்று புதுச்சேரியில் தேடி வாங்கி, பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலை போட்டு வைத்திருந்த சிவப்புக் கம்பளி ஸ்வெட்டரை எடுத்து ரீத்தாவுக்கு மாட்டிவிட்டாள். வெயில் நன்றாக ஏறிவிட்டது. குழந்தை வேர்த்து ஒழுக ஒழுகக் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது.

"இன்னாத்துக்குடி இந்த வெயில்ல அத மாட்டி வுட்ட?" என்றேன்.

"இருக்கட்டும் அத்த. அடுத்த குளிருக்குள்ள வளந்துடுவா, பத்தாது. இங்கயே போட்டுக் கிழிக்கட்டும்."

சொல்லிவிட்டு உறையில் சோற்றுப் பருக்கையைத் தடவி எனக்கு எதிரே நிற்கிறாள், தபால் எடுக்க வருகிற நேரமாம், சீக்கிரம் முடிக்கச் சொல்கிறாள். நான் முடித்துவிட்டேன். நீ போய்ச் சொல், அருளு.

உன்னைப் பெற்றவள்